எங்கள் வீட்டுக் குடிகாரர்

என் கணவர் குடிக்கமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஹல்துமுல்லைக்குக் கீழே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் அவரைத் திருந்திய குடிகாரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் திருந்தாத குடிகாரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் தகவல் கொடுத்தவர் ஒரே ஆள்தான். எங்கள் சபையின் பாஸ்டர்.

என் கணவர் குடிக்காததற்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. இளவட்டமாக இருந்தபோது ஒரு கலியாண வீட்டில் யாரோ ஊற்றிக் கொடுத்ததை வாங்கிக் குடித்துவிட்டு, மாப்பிள்ளையின் புது வேட்டியிலேயே வாந்தி எடுத்தாராம். அதோடு சரி. பிறகு தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிற வேலை கிடைத்தது. மலையிலிருந்து பச்சைக் கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பெக்டரிக்கு இறங்குகிற அந்தப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அங்கே குடித்துவிட்டு ஓட்டுகிறவன் ஒரு தரம்தான் ஓட்டுவான். வெற்றிலை போடுவார். அவரிடம் இருக்கிற கெட்ட பழக்கம் அது ஒன்றுதான்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கலியாணத்துக்கு முன்பிருந்தே சபைக்குப் போகிறவள். அவர் மாரியம்மன் கோயில் ஆள். திருவிழா வந்தால் லொறியைக் கழுவி, வாழைமரம் கட்டி, பந்தல் சாமான் எல்லாம் ஏற்றிவந்து இறக்குவதில் முதல் ஆளாக நிற்பார். பெண் பார்க்க வந்த அன்றே எங்களுக்குள் பேசி முடித்துவிட்டோம். நான் சபைக்குப் போவதை அவர் தடுக்கமாட்டார், அவர் கோயிலுக்குப் போவதை நான் தடுக்கமாட்டேன். இத்தனை வருஷத்தில் ஒருவரும் அந்தப் பேச்சை மீறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் குடையை எடுத்துக் கதவடியில் சாத்தி வைப்பவரே அவர்தான்.

ஆனாலும் ஆசை என்று ஒன்று இருக்கிறதல்லவா. எங்கள் சபையில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம், பாயில்தான் உட்கார்வோம். பாட்டு ஆரம்பித்ததும் கலியாணமான பெண்கள் எல்லோரும் ஒரு தடவை வலது பக்கம் பார்ப்பார்கள். தங்கள் ஆள் கைதட்டுகிறாரா, தூங்கி விழுகிறாரா என்று பார்க்கிற பார்வை அது. பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். எனக்குப் பார்க்க அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஒரே ஒரு ஞாயிறாவது அவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், நானும் ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவர் மதம் மாறவேண்டும் என்றுகூட இல்லை. வந்து உட்கார்ந்தால் போதும்.

இனி பாஸ்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். பதுளை டவுனிலிருந்து வருகிறவர். வரும் வழியில் இன்னொரு தோட்டத்தில் ஓர் ஆராதனையை முடித்துக்கொண்டு, வேனில் எங்களிடம் வந்து சேர்வார். வந்ததும் முதல் வேலை, மூன்று கால் ஸ்டாண்டில் போனைப் பொருத்துவது. ஆராதனை லைவில் போகும். அவர் முகம் எங்களை நோக்கி இருக்கும், கண் போனில் இருக்கும். கனடாவிலிருந்து ஒரு சகோதரன் பார்க்கிறாரென்றால் அவருக்கு ஸ்தோத்திரம், சுவிஸிலிருந்து ஒரு குடும்பம் பார்க்கிறதென்றால் அவர்களுக்கும் ஸ்தோத்திரம். அட்டைக்கடியோடும் நனைந்த சேலையோடும் தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு ஒரு தலையசைப்புக்கூடக் கிடையாது.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. காணிக்கையில் கைவைத்தார் என்றோ, பெண்களிடம் வேறு மாதிரி நடந்தார் என்றோ யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எங்களை ஏய்ப்பதற்காகவாவது எங்கள் முகத்தைப் பார்த்திருப்பார். இவர் எதையும் பார்க்கமாட்டார். யாராவது ஏதாவது சொன்னால், சொல்லி முடிப்பதற்குள் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதுதான், பிள்ளைக்குக் கலியாணம் என்றாலும் அதுதான். என் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் முன் வாங்குக்கு மாற்றி உட்காரவைத்திருப்பேன். பாஸ்டரை எங்கே மாற்றுவது? அவர் ஏற்கனவே முன்னால்தான் நிற்கிறார்.

இந்த மனிதரிடம்தான் நான் போய் என் ஆசையைச் சொன்னேன். ஒரு ஞாயிறு, ஜெபக் குறிப்பு கேட்கிற நேரத்தில் எழுந்து நின்று, "பாஸ்டர், எங்க வீட்டுக்காரர் ஒரு நாளாவது சபைக்கு வரணும். அதுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார்.

"தகப்பனே! இந்தச் சகோதரியோட கண்ணீரப் பாரும்!" என்றார். நான் அழவில்லை. "குடிக்கு அடிமையாகி, குடும்பத்தைச் சீரழிச்சுக்கிட்டு இருக்கிற இந்தச் சகோதரியோட புருஷன இந்த நிமிஷமே விடுதலை பண்ணும்! சாராயப் போத்தல உடைச்சுப் போடும்! இருண்டு போன அந்தக் குடும்பத்தில விளக்கேத்தும்!"

"ஆமென்!" என்றது சபை. எங்கள் சபையின் ஆமெனைச் சும்மா சொல்லக்கூடாது. தகரக் கூரை ஒரு தரம் அதிர்ந்து அடங்கும்.

நான் எப்போது குடியைப் பற்றிப் பேசினேன்? பிறகு யோசித்தபோது விளங்கியது. தோட்டத்து ஆம்பிளை ஒருவன் சபைக்கு வரவில்லை என்றால் அவன் குடிகாரன்தான். பாஸ்டரின் கணக்கு அது. வேறு எதுவாகவும் அவன் இருக்கமுடியாது. அவனுக்கு வேறு சாமி இருக்கலாம், ஞாயிறும் வேலை இருக்கலாம், வர விருப்பம் இல்லாமலும் இருக்கலாம் என்பதெல்லாம் டவுனில் இருக்கிற ஆம்பிளைகளுக்குத்தான் போலிருக்கிறது. பாஸ்டரின் தாத்தாவும் ஏதோ ஒரு தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவர்தானாம். அதைச் சாட்சியாகச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

ஆராதனை முடிந்ததும் அவரைத் தேடிப் போனேன். "பாஸ்டர், எங்க வீட்டுக்காரர் குடிக்கிறதில்லங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அல்லேலூயா!" என்றார். "பாத்தீங்களா சகோதரி, ஜெபத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் வருதுன்னு!"

விளக்கம் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் வேனில் ஏறிவிட்டார். அடுத்த ஞாயிறு போனைப் பார்த்து, அதாவது உலகத்தைப் பார்த்து, அறிவித்தார். "நம்ம சபையில கர்த்தர் பெரிய அற்புதம் செஞ்சிருக்காரு! மலைநாட்டுத் தோட்டத்தில ஒரு குடிகாரச் சகோதரன் ஒரே ஜெபத்தில குடிய விட்டுட்டாரு!" கனடாவிலிருந்து சிவப்பு இதயங்கள் பறந்து வந்தனவாம். சபை கைதட்டியது. சிலர் திரும்பி என்னைப் பார்த்து, பாவம், இத்தனை நாளும் இவள் வாய் திறந்து சொல்லவேயில்லையே என்கிற மாதிரிச் சிரித்தார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு அற்புதம் அவருக்கு மறந்துபோய்விட்டது. மறுபடியும் அதே குடிகாரனுக்காக ஜெபித்தார். அதற்கடுத்த ஞாயிறும் ஜெபித்தார். ஒரு தடவை வாயில் ஏறிய ஜெபம் இறங்காது. ஸ்கூல் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, முதலில் நோயாளிகள், பிறகு வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள், பிறகு என் புருஷன்.

தோட்டத்தில் ஒரு பேச்சு எவ்வளவு நேரம் ஓரிடத்தில் நிற்கும்? பெரகல சந்தியில் தேத்தண்ணீர்க் கடையில் லொறியை நிறுத்தினால், "என்ன டிரைவர், விட்டுட்டீங்களாமே?" என்று ஒருவன் கேட்பானாம். "எங்க விட்டாரு, போன வாரமும் ஜெபம் நடந்துச்சாமே" என்று இன்னொருவன் சொல்வானாம். அவர் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்லுவார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரியும்.

ஒருநாள் அவர் சிரிக்கவில்லை. காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லா ஆட்களும் கூடி நிற்கிற இடத்தில், தோட்டத்தை நடத்துகிற துரை அவரைக் கூப்பிட்டு வாயை ஊதிக்காட்டச் சொல்லியிருக்கிறார். கொழுந்தெடுக்கிற பெண்கள், கங்காணி, கிளாக்கர் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இத்தனை வருஷம் லொறியில் ஒரு கீறல் விழவிடாமல் ஓட்டிய மனிதர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி துரையின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதியிருக்கிறார்.

"வெத்தல வாசம்தான் வந்திருக்கும்" என்றார் என்னிடம். சோற்றைப் பிசைந்துகொண்டே, "உங்க பாஸ்டர் ஜெபத்துக்குப் பவர் இருக்கு டீச்சரம்மா. தொரை வரைக்கும் போயிருச்சு" என்றார். டீச்சரம்மா என்பது கேலியாகக் கூப்பிடுகிற பேர். அன்றைக்கு அதில் கேலி இல்லை.

அடுத்த ஞாயிறு பாஸ்டரின் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் காதில் போன். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், பொறு என்று. பொறுத்தேன். பேசி முடித்ததும் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் கணவர் குடிப்பதே இல்லை, கலியாணமான நாளிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டதில்லை, நான் கேட்டது அவர் சபைக்கு வரவேண்டும் என்று மட்டும்தான், இந்த ஜெபத்தால் அவருடைய வேலைக்கே ஆபத்து வந்திருக்கிறது, தயவுசெய்து நிறுத்துங்கள் என்றேன். இதைவிடத் தெளிவாக ஐந்தாம் வகுப்புக்குக்கூட நான் விளங்கப்படுத்தியதில்லை.

அவர் என் தலையில் கைவைத்தார். "விசுவாசத்த விட்டுறாதீங்க சகோதரி. எப்பேர்ப்பட்ட குடிகாரனையும் ஆண்டவர் மாத்துவாரு" என்றார். வேன் போய்விட்டது.

அன்றைக்கே அந்தச் சபையை விட்டிருக்கலாமே என்று பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் கேட்டார். விடலாம். அப்புத்தளைக்குப் போனால் வேறு சபை இருக்கிறது. ஆனால் எனக்குச் சபை என்பது அந்த ஆள் அல்ல. மேல் டிவிஷனிலிருந்து வருகிற அக்கா, பெக்டரியில் தூள் சலிக்கிற இரண்டு சகோதரிகள், பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்கிற அம்மா, இவர்கள்தான் எனக்குச் சபை. பாஸ்டர் ஞாயிறு காலை வந்து போகிற வேன். அந்த வேனுக்காக நான் ஏன் என் ஆட்களை விடவேண்டும்?

அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை என் கணவரும் பார்த்தார். எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று பதுளை ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்தார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கூட நின்று பார்க்க ஆள் கிடையாது. யாரும் கேட்காமலே அந்தப் பெண்கள் தங்களுக்குள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். மேல் டிவிஷன் அக்கா அன்றன்றைக்கு வேலைப் பேரையும் கூலியையும் விட்டுவிட்டு, விடிகிற நேரத்துக்கு பஸ் ஏறி, மடியில் கஞ்சிப் போத்தலை அணைத்துக்கொண்டு வந்து சேர்வார். கஞ்சி சூடாகவே இருக்கும். என் தலையைச் சீவி, துணி மாற்றி, கட்டிலடியில் உட்கார்ந்து மெதுவாகப் பாட்டுப் பாடுவார். பக்கத்துக் கட்டில் சிங்களப் பாட்டி அந்தப் பாட்டைத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்பார். பாஸ்டர் வரவில்லை. சபையின் வாட்ஸ்அப்பில் கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டிருந்தார்.

கொழுந்து இறக்கிவிட்டு ஓடிவரும்போதெல்லாம் என் கணவர் வாசலில் நின்று அந்தப் பெண்களைப் பார்ப்பார். என்னை வீட்டுக்குக் கூட்டிவந்து, நான் எழுந்து நடமாடத் தொடங்கியபிறகு ஒருநாள், வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"புள்ள, ஒரு ஞாயித்துக்கெழம நானும் வாறேன்."

"எங்கங்க?"

"ஒங்க சபைக்குத்தான். அந்த அக்கா, மத்தவங்க எல்லாரும் இருக்கிற எடத்தில எழும்பி நின்னு ஒரு வார்த்த சொல்லணும். வீட்டுக்கு வரச்சொல்லித் தேத்தண்ணி குடுத்துச் சொன்னா அது மரியாதையா இருக்காது. அவங்க சாமி முன்னாலயே சொல்லணும்."

சாட்சி நேரம் என்று ஒன்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்று சொன்னேன். "நல்லது" என்றார். நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். இந்த முறை பாஸ்டர் சொன்ன கண்ணீர் உண்மையிலேயே வந்தது, சந்தோஷத்தில்.

அந்த ஞாயிறு அவர் வெள்ளைச் சட்டையைத் தானே அயர்ன் பண்ணினார். வெற்றிலை போடவில்லை. பல்லை இரண்டு தரம் விளக்கினார். பாதையெல்லாம் வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டு வந்தார், சொல்லவேண்டியதைப் பாடம் பண்ணுகிறார் என்று கண்டுகொண்டு நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. சபைக்குள் நுழைந்ததும் மேல் டிவிஷன் அக்கா வாயில் கைவைத்துக்கொண்டார். பெண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. ஆண்கள் நகர்ந்து முன்வரிசையில் இடம் விட்டார்கள். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், போன் ஸ்டாண்டுக்கு நேரே, பாஸ்டர் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

பாட்டு ஆரம்பித்தது. நான் வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கைதட்டி முடித்தபிறகு அவர் ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் பக்கத்து ஆளின் கையைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாட்டு வரவில்லை. பக்கத்தில் இருந்த சகோதரி என் தொடையில் கிள்ளினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான பாட்டு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறகு ஜெபம். பாஸ்டர் கண்ணை மூடினார். நோயாளிகள் போனார்கள். விசாக்காரர்கள் போனார்கள்.

"தகப்பனே! குடிக்கு அடிமையாகி, மிருகம் மாதிரி வாழ்ந்துகிட்டு, உம்முடைய சமுகத்துக்கு வர மனசில்லாம தூர ஓடுற இந்தச் சகோதரியோட புருஷன இழுத்துக்கிட்டு வாரும்! இன்னைக்கே இழுத்துக்கிட்டு வாரும்!"

மிருகம் என்பது அன்றைக்குப் புதிதாகச் சேர்த்தது. ஆண்கள் பக்கத்தில் சிலர் பழக்கத்தில் "ஆமென்" என்றார்கள், சொன்னபிறகுதான் பக்கத்தில் இருப்பவரை நினைத்து நாக்கைக் கடித்தார்கள். என் கணவர் தலையைக் குனியவில்லை. தனக்கு எதிரே, கண்ணை மூடிய அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போயிருந்தால் நானும் கூடவே போயிருப்பேன்.

பாஸ்டர் கண்ணைத் திறந்தார், போனைப் பார்த்தார். "சாட்சி சொல்றவங்க வரலாம்" என்றார்.

என் கணவர் எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் டீச்சரோட வீட்டுக்காரர். கொழுந்து லொறி ஓட்டுறேன். குடிக்கிறதில்லங்க." ஒருவரும் சிரிக்கவில்லை. "எங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ நீங்க எல்லாரும் வேலயப் போட்டுட்டு வந்து பாத்தீங்க. எனக்குக் கூடப்பொறந்தவங்க இல்ல. இருந்திருந்தா இப்படித்தான் பாத்திருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அக்கா, ஒங்க கஞ்சிய நான் மறக்கமாட்டேன். கும்புட்றேன்." பெண்கள் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எங்கள் பக்கம் அழாதவர்கள் யாரும் இல்லை.

"ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார் பாஸ்டர், போனில் எதையோ விரலால் தள்ளிக்கொண்டே. "சுவிஸிலேருந்து பாக்குற சகோதரிக்கும் ஸ்தோத்திரம். அடுத்த சாட்சி?"

ஆராதனை முடிந்து வாசலில் எல்லோருக்கும் கைகொடுப்பது அவர் வழக்கம். என் கணவருக்கும் கொடுத்தார். நான் என் கணவரின் தோளோடு தோளாக நிற்கிறேன். "புதுசா வந்திருக்கீங்க, சந்தோஷம்" என்றார், கண் வேன் பக்கம். "அடுத்த வாரம் வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க."

எத்தனை வருஷம் அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிறு தவறாமல் என் துக்கம் என்று ஒன்றைத் தானே இட்டுக்கட்டி உலகத்துக்கெல்லாம் ஒப்பித்தாரே, அந்தத் துக்கத்துக்குச் சொந்தக்காரி யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. அதுவரைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அந்த இடத்தில் கோபம் போய்விட்டது. கோபப்படுவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டுமே. அருவருப்பு மட்டும் மிஞ்சியது.

வரும் வழியில் என் கணவர் சொன்னார். "ஒங்க ஆளுங்க நல்லவங்க. சொல்ல வந்தத சொல்லிட்டேன். இனிமே நான் வரமாட்டேன் புள்ள. கேக்காத."

"கேக்கமாட்டேங்க" என்றேன். இவ்வளவு காலம் நான் ஆசைப்பட்ட ஒன்றை அந்த மனிதர் கண்ணைத் திறக்காமலே கெடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு, வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

அந்த வாரம் மேல் டிவிஷன் அக்கா கொழுந்துக் கூடையோடு பள்ளிக்கூட வேலியருகே வந்து என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், எனக்கு மனசே சரியில்ல" என்றார். "அந்த ஆளு சொன்னது இருக்கட்டும். வாராவாரம் நாங்கதானே ஆமென் போட்டோம்? ஆமென்னா அப்படியே ஆகட்டும்னுதானே அர்த்தம்? நாங்க சொல்லிச் சொல்லித்தானே அவர குடிகாரராக்குனோம்? இனிமே என் வாயிலேருந்து அது வராது." இதை அவர் என்னிடம் மட்டும் சொன்னாரா, பெரட்டுக் களத்தில் எல்லோரிடமும் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

ஞாயிறு தனியாகப் போனேன். பாஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது பேர் உட்கார்கிற கொட்டகைக்கு மைக் எதற்கு என்று கேட்காதீர்கள், அது கனடாவுக்கு. நோயாளிகளுக்காக ஜெபித்தார், ஆமென் சொன்னோம். விசாக்காரர்களுக்காக ஜெபித்தார், அதற்கும் சொன்னோம். பிறகு என் கணவரிடம் வந்தார். குடிக்கு அடிமை, மிருகம், தூர ஓடுகிறவன், இழுத்துக்கிட்டு வாரும். ஒன்றும் குறையவில்லை. குரலை உச்சத்தில் ஏற்றி நிறுத்தினார்.

யாரும் ஆமென் சொல்லவில்லை.

பெண்கள் பக்கம் சொல்லவில்லை. ஆண்கள் பக்கமும் சொல்லவில்லை. பின்னால் ஒரு கைக்குழந்தை மட்டும் சிணுங்கியது. நான் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவின் கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. கொழுந்தெடுத்துக் காய்ப்புப் பிடித்த கை.

பாஸ்டர் ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இந்த மனிதருக்கு இப்போதாவது உறைக்கும் என்று நினைத்தேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்தார். விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "ஹலோ, ஹலோ" என்றார். "கேக்குதா?"

"எங்களுக்கு நல்லாக் கேக்குதுங்க பாஸ்டர்" என்றார் அக்கா.

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணை மூடி, குடிக்கு அடிமையான என் கணவருக்காக மறுபடியும் முதலிலிருந்து ஜெபிக்கத் தொடங்கினார்.